நியூடவுன் ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ்: மில்லா, கடையா, கிடங்கா?

பிப்ரவரி 3, கோட்டோவியம்

வேல்ஸில் நியூடவுன் ரயில் நிலையத்தை ஒட்டி உயரமாக நிற்கும் செங்கல் கட்டடம், ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ். 1861-ல் கட்டிய ஃபிளானல் (மென்மையான கம்பளித் துணி) மில் என்று என் குறிப்பில் இருக்கிறது. சரிதானா? மில் என்றால் ஆற்றங்கரையில் அல்லவா இருக்க வேண்டும், ரயில் நிலையத்தில் என்ன வேலை? பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இந்த மாதிரி வணிகக் கட்டடத்தில் பாயிண்டிங் (செங்கல் இடைவெளியில், அதாவது ஜாயிண்டில், சாந்து நிரப்புவது), ஜன்னல், கூரை வேலை என்றால் எதிலிருந்து தொடங்குவார்கள்?

பிப்ரவரி 3, சாந்துக்கரண்டி

இரண்டுமே தவறு. 1861 தபால்வழி வியாபாரம் தொடங்கிய ஆண்டு, கட்டடம் 1879. அது மில்லும் அல்ல. அங்கே தறி ஓடவில்லை. துணியை வாங்கி, பிரித்து, கட்டி, அனுப்பிய இடம். அதைக் கட்டிய ப்ரைஸ் ஜோன்ஸ் நெசவாளர் அல்ல, ஜவுளிக்கடைக்காரர். விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்புவார், ஆர்டர் தபாலில் வரும், சரக்கு ரயிலில் போகும். தபால்வழி வணிகத்தை இந்த அளவில் முதலில் நடத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள்.

பிப்ரவரி 3, சாந்துக்கரண்டி

ரயில் நிலையக் கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தின் சாவியே அதுதான்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். லானிட்லோஸ்–நியூடவுன் பாதை 1859-ல் திறந்தது. ஆனால் அது வெளியுலகத்தோடு சேராத துண்டுப் பாதை. 1861-ல் இங்கிலாந்து எல்லையோர ஊரான ஆஸ்வெஸ்ட்ரி பக்கம் இணைந்த பிறகுதான் நியூடவுன் சரக்கு இங்கிலாந்துக்கு நேராகப் போக வழி பிறந்தது. தபால்வழி வியாபாரமும் அதே 1861-ல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் தபால்துறை பார்சல் சேவையைத் தொடங்கியதோ 1883 ஆகஸ்ட் 1-ல். ஆக, 1879-ல் இந்தக் கட்டடம் எழுந்தபோது பார்சல் தபால் என்ற ஒன்றே கிடையாது. கடிதத்தைத் தபால் கொண்டுவரும், மூட்டையை ரயில்தான் கொண்டுபோக வேண்டும். கட்டடம் தண்டவாளத்தை ஒட்டி நிற்பதற்குக் காரணம் இதுவே. சந்தைத் தெருவில் அழகாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வண்டிக் கூலி கூடியிருக்கும்.

பிப்ரவரி 4, கோட்டோவியம்

அப்படியானால் நெசவு எங்கே நடந்தது?

பிப்ரவரி 4, சாந்துக்கரண்டி

அதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கமர்ஷியல் தெருவில் இப்போது ஜவுளி அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். 1830-களில் கட்டியது. கீழ் இரண்டு தளங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய ஆறு வீடுகள். மேல் இரண்டு தளங்கள் தறிக்கூடம். கீழே வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு, மேலே அது கிடையாது. கட்டடத்தின் நீளம் முழுவதும் ஒரே கூடம், நெடுக ஜன்னல். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வெளிச்சம் வேண்டும், அதனால் தறி மேலே போனது, குடும்பம் கீழே இருந்தது.

கிடங்கிலும் வெளிச்சம் வேண்டும், காரணம்தான் வேறு. ஆர்டர் தாளில் எழுதிய நிறத்தோடு துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தவறான துணி போனால் அத்தனை மைல் திரும்பி வரும்.

பிப்ரவரி 5, கூரைமுகடு

ஒரு சேர்க்கை. கம்பளி நெசவில் நியூடவுனை, இங்கிலாந்தின் கம்பளி நகரமான லீட்ஸோடு ஒப்பிட்டு, 'வேல்ஸின் லீட்ஸ்' என்றே அழைத்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் ராச்டேல் பக்கத்து இயந்திர ஃபிளானல் மலிவாக வந்ததும் உள்ளூர் தறி தளர்ந்தது. 1879 கட்டடம் உயர்ந்தது நெசவு ஏறுமுகத்தில் இருந்தபோது அல்ல, இறங்குமுகத்தில். அந்த ஊரை நெசவு தாங்கியது ஒரு காலம், விற்பனை தாங்கியது அடுத்த காலம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காமல் வரக்கூடாது.

பிப்ரவரி 5, சாந்துக்கரண்டி

சரியான சேர்க்கை. பெயர் பற்றியும் ஒன்று. கட்டும்போது அவர் ப்ரைஸ் ஜோன்ஸ்தான். 1887-ல் சர் பட்டம் வந்த பிறகே ப்ரைஸ் ப்ரைஸ்-ஜோன்ஸ் ஆனார். பழைய விலைப்பட்டியலையோ படத்தையோ காலம் கணிக்க இந்த இரட்டைப் பெயர் உதவும். 1876-ல் அவர் காப்புரிமை பெற்ற யூக்லீசியா விரிப்பையும் மறக்க வேண்டாம்: காற்றடைத்த தலையணை சேர்த்துத் தைத்த கம்பளி விரிப்பு, இன்றைய தூக்கப்பைக்கு முன்னோடி. ரஷ்ய ராணுவம் 60,000 விரிப்புக்கு ஆர்டர் கொடுத்தது என்பார்கள். அத்தனை விரிப்பை மடித்து அடுக்கினால் எவ்வளவு தளம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதிரிக் கட்டடத்தில் தளத்தின் பாரம்தான் முதல் கணக்கு, முகப்பு அப்புறம்.

பிப்ரவரி 8, சாந்துக்கரண்டி

இனி பழுது வேலை. முதலில் சட்டம், சுருக்கமாக.

வேல்ஸில் இப்போது நடைமுறையில் இருப்பது 2023-ம் ஆண்டின் வரலாற்றுச் சூழல் (வேல்ஸ்) சட்டம். 2024 நவம்பர் 4 முதல் அமலில் இருக்கிறது. பட்டியலைப் பராமரிப்பது காடூ, வெல்ஷ் அரசின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு. வெல்ஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கே 'காத்தல்' என்றுதான் பொருள். அனுமதி கொடுப்பது உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரம், நியூடவுனுக்கு அது போவிஸ் கவுன்டி கவுன்சில். எல்லோரும் வழுக்கும் இடம் இது: பட்டியலில் இருப்பது முகப்பு மட்டுமல்ல, உள்ளும் சேர்த்துத்தான். படிக்கட்டு, தூண், கதவு எல்லாமே. வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக் கட்டுமானமும் சேரலாம். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றவியல் குற்றம், வெறும் அபராத நோட்டீஸ் விவகாரம் அல்ல.

பிப்ரவரி 8, சாந்துக்கரண்டி

பாயிண்டிங்.

விக்டோரியா காலப் பிற்பகுதியில் இயந்திரத்தில் அழுத்திச் சுட்ட செங்கல் கெட்டி, விளிம்பு கூர்மை. அதனால் ஜாயிண்டும் மெல்லிசு. 4 அல்லது 5 மி.மீ. என்பது சாதாரணம். நீர் எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் கேள்வி. செங்கல் கெட்டியாக இருக்கும்போது சுவருக்குள் போன ஈரம் ஜாயிண்ட் வழியாக மட்டுமே மூச்சுவிட முடியும். அந்த ஒரே வழியையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஓரங்களில் சேரும், பனிக்காலத்தில் உறைந்து விரியும், செங்கல் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். சிமெண்ட் அப்படியே நிற்கும், செங்கல் பின்வாங்கும். சுவரில் வலைப்பின்னல் போல ஜாயிண்ட் மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால் காரணம் இதுதான்.

பழைய சாந்தை எடுக்கக் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். 4 மி.மீ. ஜாயிண்டில் கிரைண்டர் தகடு இறங்காது, இரு பக்கச் செங்கல் விளிம்பையும் தின்றுவிடும். தின்ற விளிம்பு திரும்பி வராது. அதன் பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் ஜாயிண்ட் 8 மி.மீ. பட்டையாகத்தான் தெரியும். மெல்லிய ரம்பத் தகடு, குறுகிய உளி, பொறுமை: இவைதான் கருவி. ஆழம், ஜாயிண்ட் அகலத்தைப் போல இரண்டு மடங்கு.

சாந்து: இயற்கை நீர்ச்சுண்ணாம்பு, என்ஹெச்எல் 3.5 (எண் கூடக் கூட இறுகும் வலிமை கூடும்), ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மெல்லிய ஜாயிண்டுக்கு மணலைச் சலிக்க வேண்டும். பெரிய மணி ஜாயிண்ட் அகலத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் நாளில் வேலை கிடையாது. பூசிய பிறகு ஈரச் சணல் சாக்கு போட்டு மூடி, சில நாள் காயவிடாமல் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் பொடியாகிவிடும்.

பிப்ரவரி 9, கூரைமுகடு

ஆழம் பற்றிய வரியைத் திருத்துங்கள். 4 மி.மீ. ஜாயிண்டுக்கு இரண்டு மடங்கு என்றால் 8 மி.மீ.தான் வருகிறது. அது முதல் பனிக்காலத்திலேயே தோல் உரிவது போல உரிந்துவிடும்.

பிப்ரவரி 9, சாந்துக்கரண்டி

ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மடங்கு என்பது 10, 12 மி.மீ. ஜாயிண்டுக்குப் பொருந்தும் விதி. மெல்லிய ஜாயிண்டிலும் 20 முதல் 25 மி.மீ. ஆழம் இருந்தால்தான் பிடிப்பு. அந்த ஆழத்துக்கு உளி போகாத இடத்தில் சாந்து உறுதியாக இருந்தால் தொடவே வேண்டாம். உதிர்ந்த ஜாயிண்டை மட்டும் நிரப்புங்கள். சுவர் முழுவதும் 'ஒரே சீராக' இருக்க வேண்டும் என்பதற்காக நல்ல சாந்தைக் கிளறி எடுப்பதுதான் இந்தக் கட்டடங்களுக்கு நடக்கும் பெரிய கொடுமை.

பிப்ரவரி 9, கோட்டோவியம்

கைப்பிடிச் சுவருக்கும் 3.5 போதுமா? மழை நேராக அடிக்கும் இடம்.

பிப்ரவரி 10, சாந்துக்கரண்டி

என்ஹெச்எல் 5 என்று பலர் சொல்வார்கள். கைப்பிடிச் சுவர் உச்சி, புகைபோக்கி இரண்டுக்கும் நானும் அதையே எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. 5 ஓராண்டுக்கு மேலும் இறுகிக்கொண்டே போகும். பூசிய மாதத்தில் மென்மையாகத் தெரிவது பின்னால் நினைத்ததைவிடக் கெட்டியாகிவிடும். முதலில் கைப்பிடிச் சுவரின் மூடுகல்லைப் பாருங்கள். கல்லுக்கு அடியில் நீர்த்தடுப்பு அடுக்கு இருக்கிறதா, கல்லின் அடிவிளிம்பில் நீர் சொட்டும் பள்ளம் இருக்கிறதா, அது பாசியாலோ சாந்தாலோ அடைபட்டிருக்கிறதா. மேலே நீர் இறங்குவதை நிறுத்தினால் கீழே 3.5 போதும்.

பிப்ரவரி 10, சாந்துக்கரண்டி

சுத்தம் செய்வது பற்றி ஒரு வரி விட்டுப்போனது. சுட்டமண் அலங்காரத்துக்கும் அழுத்துச் செங்கலுக்கும் மேலே சூளையில் உருவான கெட்டித் தோல் ஒன்று இருக்கும். மணல் வீச்சில் அந்தத் தோல் போய்விடும், உள்ளே இருப்பது பஞ்சு போல நீர் குடிக்கும். வட வேல்ஸின் ருவாபன் சுட்டமண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க கார்டிஃப் பியர்ஹெட் கட்டடத்தைப் பாருங்கள். 1897-லிருந்து கடற்காற்றில் நிற்கிறது. அந்தத் தோல் இருப்பதால்தான் நிற்கிறது. பெயிண்ட் எடுக்க வேண்டுமானால் குறைந்த அழுத்தத்தில், 150 டிகிரி அளவில் வரும் நீராவி. அதையும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்த பிறகு.

பிப்ரவரி 14, கூரைமுகடு

கூரை.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈயத் தகட்டு மழைநீர்க் கால்வாய்தான் இத்தகைய கட்டடங்களின் நோய்மூலம். வெளியே தொங்கும் தகரக் கால்வாய் நிறைந்தால் தெருவில் கொட்டும், எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒளிந்த கால்வாய் நிறைந்தால் நீர் நேராகக் கூரைச் சட்டத்தின் முனையில் இறங்கும். சுவருக்குள் புதைந்த முனை என்பதால் மக்கியது யாருக்கும் தெரியாது, ஒரு நாள் உத்திரம் தாழும் வரை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் காளான் பிடிக்க வாய்ப்பு. ஈரமானியும் ஒரு கூர்ஊசியும் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் கூரை வேலையை நிறுத்திவிட்டு முனையைத் திறக்க வேண்டும்.

ஈயம் ஏன் கிழிகிறது? வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 'நீளமான ஒரே தகடு என்றால் இணைப்பு குறைவு, ஒழுகல் குறைவு' என்று நினைப்பது தப்புக்கணக்கு. 1.8 மி.மீ. தகட்டில் சுவரோரப் பட்டைத் துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சில ஆண்டுகளில் நடுவே மயிரிழை விரிசல். அதன் மேல் பிட்டுமென் (தார்) பூசினால் விரிசல் மறையும், நோய் தீராது. அதோடு அந்தத் துண்டை மறுபடி பற்றவைக்கவும் முடியாது.

கால்வாயை ஆண்டுக்கு இரண்டு முறை துப்புரவு செய்யுங்கள்: இலையுதிர்ந்த பிறகு ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. அடைத்தால் நீர் தெருப்பக்கம் எட்டிப்பார்க்கும்படி சுவரில் ஒரு மிகைநீர்க் குழாய் வையுங்கள், அனுமதி வாங்கி. பழைய கட்டடத்துக்குச் செய்யும் மிக மலிவான உபகாரம் அது.

பிப்ரவரி 14, கூரைமுகடு

மறந்தது: வௌவால். பிரிட்டனில் வௌவாலும் அதன் இருப்பிடமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கூரையைத் திறப்பதற்கு முன் ஆய்வு வேண்டும். அந்தியில் அவை வெளியே வருவதை எண்ணும் ஆய்வு கோடையில்தான் நடக்கும். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான். சாரம் வாடகைக்கு எடுக்கும் முன்பே இதை முடியுங்கள்.

பிப்ரவரி 17, கோட்டோவியம்

ஜன்னல்? பழைய ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடலாமா?

பிப்ரவரி 17, சாந்துக்கரண்டி

மேலும் கீழும் நகரும் சட்ட ஜன்னல் என்றால், அனுமதி கிடைக்குமா என்பதற்கு முன் எடைக் கணக்கைப் பாருங்கள். சட்டத்தின் இரு பக்கமும் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் எடைக்கட்டிகள்தான் அதைத் தாங்குகின்றன.

கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 0.9 க்கு 1.2 மீட்டர் கண்ணாடி 1.08 சதுர மீட்டர். பழைய 3 மி.மீ. கண்ணாடி 8.1 கிலோ. மரச் சட்டம் 5.9 கிலோ என்று வைத்தால் மொத்தம் 14, ஆளுக்கு 7 கிலோவாக இரு எடைக்கட்டிகள். இரண்டு 3 மி.மீ. கண்ணாடி போட்டால் 16.2 கிலோ, மொத்தம் 22.1, பக்கத்துக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல்.

45 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு உருளையில் 7 கிலோ என்பது 61 செ.மீ. நீளம். 11 கிலோவுக்கு 96 செ.மீ. வேண்டும். பெட்டிக்குள் அந்த நீளம் இறங்கி ஏற இடம் இருக்காது. எடைக்கட்டி அடியில் போய் முட்டும், சட்டம் முழுதாக மேலே போகாது. ஈயத்தில் வார்த்தால் அதே விட்டத்தில் 11 கிலோ மறுபடி 61 செ.மீ.க்குள் அடங்கிவிடும். கண்ணாடி மாற்றியதும் 'ஜன்னல் கெட்டுவிட்டது, திறக்கவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாததால் வருபவை.

நுணுக்கம் ஒன்று: மேல் சட்டத்துக்கு எடைக்கட்டி ஒரு துளி கூடுதல், கீழ்ச் சட்டத்துக்கு ஒரு துளி குறைவு. அப்போதுதான் மேலது மேலேயே ஒட்டி நிற்கும், கீழது தானாக மூடி அமரும்.

பிப்ரவரி 18, சாந்துக்கரண்டி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எடை சரியானாலும் இன்னொரு பாரம் இருக்கிறது. 22 கிலோவை ஏந்துவது பழைய சட்டத்தின் மூலைப் பொருத்துகள். 140 ஆண்டு வயதான பொருத்து அதற்காக வெட்டியதல்ல. கண்ணாடியைப் பிரிக்கும் குறுக்குச் சட்டமும் மெல்லிசு, இரட்டைக் கண்ணாடி உட்கார அதில் பள்ளம் போதாது. என் தீர்ப்பு: பழைய கண்ணாடியை அப்படியே விடுங்கள், சட்டத்தைச் சுற்றிக் காற்று புகும் இடைவெளிக்குத் தூரிகைப் பட்டை, உள்பக்கம் தனியாக நகரும் இரண்டாம் ஜன்னல். ரயில் சத்தத்துக்கும் அதுவே மேல். கழற்றினால் கட்டடம் பழையபடி இருக்கும், அதனால் அனுமதி கேட்கும்போதும் வாதம் எளிது.

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் புட்டியை மாற்றினால் ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி. மேல்தோல் இறுக ஒன்றிரண்டு வாரம் விட்டுப் பெயிண்ட். பெயிண்ட் புட்டியைத் தாண்டிக் கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏற வேண்டும். அந்த 2 மி.மீ.தான் நீர் உள்ளே போகாமல் தடுக்கும் முத்திரை. சுத்தமாக இருக்கட்டும் என்று பிளேடால் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 22, கூரைமுகடு

கொஞ்சம் திசை மாறுகிறேன். நியூடவுன் இருக்கும் அதே மாண்ட்கோமரிஷயர் வட்டாரத்தில், அந்த முதல் ரயில் துண்டின் மறுமுனையில் லானிட்லோஸ். நான்கு தெருவும் கூடும் இடத்தில் பழைய சந்தைக் கூடம், ஓக் மரச் சட்டகம். மர வளைய ஆய்வு அதை 1612-க்கும் 1622-க்கும் இடையில் வைக்கிறது. வேல்ஸில் தன் இனத்தில் தப்பித்து நிற்பது அது ஒன்றுதான், பாதுகாப்புப் பட்டியலில் முதல் கிரேடு. கீழே திறந்த சந்தை, மேலே கூடம். நியூடவுன் கிடங்கில் வாடிக்கையாளர் வரவே வேண்டியதில்லை. இங்கே வாடிக்கையாளர் வந்தால்தான் கட்டடத்துக்கே பொருள். 13 மைல் இடைவெளியில் வணிகம் எப்படி முகம் மாறியது என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

பிப்ரவரி 22, சாந்துக்கரண்டி

நல்ல திசைதிருப்பல். ஆனால் சாந்துப் பாடம் அங்கும் ஒன்றுதான். ஓக் சட்டங்களுக்கு இடையே உள்ள கட்டங்களைச் சிமெண்டால் பூசினால், மரம் சுருங்கும்போது ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். மழை அதில் இறங்கிக் கீழ்ச் சட்டத்தின் மேல் தேங்கும். சிமெண்ட் உலரவிடாது, மரம் உள்ளிருந்து மக்கும். சுண்ணாம்புப் பூச்சானால் அதே ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

ஓக் மரத்தில் இன்னொன்று. மரத்தின் அமிலம் சாதாரண ஆணியைத் தின்னும், சுற்றிலும் கருநீலக் கறை பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது வெண்கலம் மட்டும். மரமுளை அடிக்கும்போது துளைகளை 2, 3 மி.மீ. விலக்கித் துளைப்பார்கள். முளை இறங்கும்போது பொருத்தை இறுக்கி இழுக்கும். துளை நேராக இருந்தால் முளை சும்மா செருகியிருக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 1, கோட்டோவியம்

கடைசிக் கேள்வி. கிடங்குக் கட்டடங்களில் உள்ளே வார்ப்பிரும்புத் தூண் இருந்தால், புதிய பாரம் ஏற்றலாமா?

மார்ச் 1, சாந்துக்கரண்டி

அளக்காமல் ஏற்றக்கூடாது. உள்ளே குழலாக வார்த்த தூணில், அச்சைப் படுக்கவைத்து வார்க்கும்போது உள்கரு (நடுவில் குழலை உண்டாக்க வைக்கும் அச்சு) நகர்ந்துவிடும். வெளியே பார்த்தால் உருண்டை, உள்ளே ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். ஒரே இடத்தில் துளையிட்டுத் தடிமன் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே உயரத்தில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இடத்தில் அளக்க வேண்டும், மீயொலிக் கருவி என்றால் துளையே வேண்டாம். கணக்குக்கு எடுக்க வேண்டியது சராசரி அல்ல, மெலிந்த பக்கம்.

வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. வளைந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும். தூணில் தாங்கி வைக்க வெல்டிங் செய்ய வரும் ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். வெல்டிங் சூடு பக்கத்திலேயே விரிசல் போடும். விரிசல் ஏற்கனவே இருந்தால் குளிர்நிலையில் உலோகத் தையல் போடும் முறை இருக்கிறது. தீக்காப்புக்கு, சூடு பட்டால் உப்பிப் பெருகும் பெயிண்ட் பூசலாம். அதற்கு முன் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உப்புத்தாள் தேய்க்க வேண்டாம்.

மார்ச் 2, கூரைமுகடு

தூணின் அடியையும் பாருங்கள் சார். சில இடங்களில் கூரைநீர் இறங்கும் குழாயாகவே குழல் தூணைப் பயன்படுத்தியிருப்பார்கள். அடியில் அடைத்தால் உள்ளே நீர் நிற்கும், பனிக்காலத்தில் உறைந்து தூணையே நெடுக்காகப் பிளக்கும். ஒரு சிறு சுத்தியலால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போனால் நீர் நிற்கும் உயரத்தில் ஒலி மாறும்.

மார்ச் 2, சாந்துக்கரண்டி

அதை நான் விட்டுவிட்டேன். கோட்டோவியம், உங்கள் பட்டியலில் தூணுக்கு முதல் வரியாக இதை எழுதுங்கள், தடிமன் அளப்பது இரண்டாவது. குறிப்பில் 1861-ஐ அடித்து 1879 என்று மாற்றிவிட்டீர்கள்தானே?

மார்ச் 2, கோட்டோவியம்

மாற்றிவிட்டேன். 'மில்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன்.